வீட்டு பீடிங் வேலைக்கு ஆணி அடிக்கிற ஏர் கன்: எஃப்30 போதுமா, எஃப்50 வேணுமா? (வேலூர்)

சத்துவாச்சாரி மாடிவீடு:

எல்லாருக்கும் வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில கீழே நாங்க இருக்கோம், மேலே புதுசா ஒரு போர்ஷன் எழுப்பியிருக்கோம். தை பொறந்ததும் வாடகைக்கு விடணும். கதவு, ஜன்னல், கப்போர்டு எல்லாம் மாட்டியாச்சு. பீடிங் (ஓரத்துல அடிக்கிற மரப்பட்டை) மட்டும் பாக்கி. ஆசாரிக்குப் பெரிய வேலை ஒண்ணு கிடைச்சிடுச்சு, "பொங்கல் கழிச்சு வந்து முடிச்சுக் கொடுக்கறேம்மா"ங்கிறார். பொங்கல் கழிச்சுன்னா எந்தப் பொங்கல்னு அவரும் சொல்லல, நானும் கேக்கல. மிச்சத்தை நானே செஞ்சிடலாம்னு இறங்கிட்டேன்.

மரம் எனக்குப் புதுசு கிடையாது. எங்கப்பா ஸ்கூல் பெஞ்சு செய்யற பட்டறையில கணக்கு எழுதினவர், லீவு விட்டா நான் அங்கதான் கிடப்பேன். 45 டிகிரியில மூலை வெட்டிச் சேர்க்க வரும். மைட்டர் ரம்பம், டிரில், நல்ல உளி எல்லாம் கையில இருக்கு. இடிக்கிறது ஆணி அடிக்கிற இடத்துலதான்.

வேலை இதுதான். மூணு ரூம் கதவு நிலையும் தேக்கு. நிலைக்கும் சுவர்ப் பூச்சுக்கும் நடுவுல விரிசல் ஓடுது. அதை மறைக்க 18 மில்லி தடிமன், ரெண்டரை இஞ்ச் அகலத் தேக்குப் பட்டையை நிலையைச் சுத்தி அடிக்கணும். ஜன்னல்ல கண்ணாடியைப் பிடிக்க 10 மில்லி பீடிங். கப்போர்டு பிளைவுட் விளிம்புல 6 மில்லி தேக்கு லிப்பிங், அதாவது விளிம்பை மூடற பட்டை. அப்புறம் ஹால்ல ஒரு சுவர் முழுக்க எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செஞ்ச பலகை) பட்டையில கட்டம் கட்டமா டிசைன், இது என் பொண்ணு போன்ல பாத்து ஆசைப்பட்டது.

சுத்தியால அடிச்சா 6 மில்லி பட்டை நுனியில பிளந்துக்குது. தேக்குல மெல்லிசு ஆணி வளையுது. ஒரு கையில பட்டை, ஒரு கையில ஆணி, சுத்தி பிடிக்க மூணாவது கைக்கு எங்க போறது? வீட்டுக்காரர் ஓசூர்ல வேலை, ஞாயித்துக்கிழமை மட்டும்தான் கை கொடுப்பார்.

காத்து அழுத்தத்துல ஆணி அடிக்கிற கன் பத்தி பஜார்ல விசாரிச்சேன். எஃப்30 கன் 2000 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழ, எஃப்50 கன் 2500-லேருந்து 4000 வரைக்கும் சொல்றாங்க. அதுக்குக் காத்தை அழுத்திக் கொடுக்கிற, ஆயில் இல்லாத 25 லிட்டர் கம்ப்ரஸர் 8000 பக்கம். மொத்தமா 15,000 தாண்டக் கூடாது, ஆணி, டியூப் எல்லாம் சேர்த்து.

என் சந்தேகங்கள்: எஃப்30 போதுமா, எஃப்50 வேணுமா? கடைக்காரர் 16 கேஜ் கன்னும் காட்டினார், "இதுதான் ஸ்ட்ராங்கு"ன்னார். எது? அமெரிக்காவுல இருக்கிற நாத்தனார் டிசம்பர்ல வராங்க. அங்க 18 கேஜ் கன்னும் உருண்டைத் தட்டு மாதிரி கம்ப்ரஸரும் ஒரே செட்டா விக்குதாம். வாங்கிட்டு வரச் சொல்லலாமா?


ஆற்காடு ரீப்பர்:

சிஸ்டர், மூணு கதவுக்கு எதுக்குக் கம்ப்ரஸர்? நேரா பிளக்குல சொருகி அடிக்கிற எலக்ட்ரிக் நெயில் கன் ஆன்லைன்ல கிடைக்குது. டியூப் இழுக்க வேணாம், சத்தம் கம்மி, வேலை முடிஞ்சா அலமாரியில வச்சிடலாம். நான் எங்க வீட்டு பிவிசி பேனலுக்கு அதுலதான் அடிச்சேன், ஜோரா போச்சு. பாட்டரி கன் விலை பாத்தா தலை சுத்தும், அந்தப் பக்கம் போகாதீங்க.


காட்பாடி பட்டறை:

தங்கச்சி, கேள்வியைத் தெளிவா கேட்டிருக்கீங்க. அளவே சொல்லாம "நல்ல கன் எது"ன்னு கேக்கறவங்களுக்கு நான் பதில் போடறதை நிறுத்தி ரொம்ப நாளாச்சு.

முதல்ல தம்பி சொன்ன எலக்ட்ரிக் கன். பிவிசிக்கும் பேக்கிங் பிளைவுட்டுக்கும் சரி. தேக்குல அடிச்சா ஆணித் தலை ரெண்டு மில்லி வெளிய நிக்கும். அதை மறுபடி சுத்தியால தட்டி இறக்கணும், பட்டையில பள்ளம் விழும். அந்த மெஷின் ஆணியைத் தட்டற வேகம் அவ்வளவுதான். காத்து கன்னுக்கு, கம்ப்ரஸர்ல அழுத்தத்தை மாத்தற ரெகுலேட்டரைத் திருப்பினா தட்டற வேகம் ஏறும், இறங்கும். தேக்கும் எம்டிஎஃப்பும் கலந்து வேலை இருக்கிற உங்களுக்கு அது ஒண்ணுக்காகவே கம்ப்ரஸர் வாங்கலாம்.

இனி கன். நீங்க கன்னுலேருந்து ஆரம்பிக்கறீங்க. நான் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கறது வேற வரிசை. பட்டைக்குப் பின்னால என்ன இருக்குன்னு பாரு, அதுக்கு என்ன ஆணி வேணும்னு பாரு, அந்த ஆணியை எந்தக் கன் தள்ளும்னு கடைசியில பாரு. இப்படி வந்தா கடைக்காரர் ஏமாத்த முடியாது.

கேஜ் நம்பர் ஏற ஏற ஆணி மெலிசு. 23 கேஜ்னா தலையே இல்லாத பின், 0.6 மில்லி. 18 கேஜ் கிட்டத்தட்ட 1.2 மில்லி, குட்டித் தலை. 16 கேஜ் 1.6 மில்லி. 15-ம் இருக்கு, கனமான நிலை வேலைக்கு, நம்ம ஊர்ல அதுக்கு ஆணி தேடியே அலையணும். எஃப்னு நம்பர் போட்டு வர்றது எல்லாம் 18 கேஜ். பக்கத்துல இருக்கிற நம்பர் ஆணியோட நீளம், மில்லி கணக்குல. எஃப்30ன்னா 30 மில்லி ஆணி, கன்னுன்னா அதிகபட்சம் 30 வரைக்கும் தள்ளும். "டி"ன்னு எழுத்து போட்டு வர்றது 16 கேஜ். எஃப் கன்னுல டி ஆணி நுழையாது. கடையில பெட்டி மாத்திக் கொடுத்துடுவாங்க, பாத்து வாங்குங்க.

உங்க வேலைக்கு வருவோம்.

கதவு பட்டை 18 மில்லி. எஃப்30 ஆணி அடிச்சா நிலைக்குள்ள 12 மில்லிதான் இறங்கும். வேலூர் வெயிலுக்கு அது பத்தாது. மே மாசம் தேக்கு காஞ்சு இழுக்கும்போது மூலை வாய் பொளந்துக்கும். எஃப்40 அடிச்சா 22 மில்லி உள்ளே உக்காரும், பின்னால ஃபெவிகாலும் இருந்தா அசையாது. அதனால எஃப்30 கன் உங்களுக்கு ஆகாது, எஃப்50 எடுங்க. அதுலயே சின்ன ஆணியும் போகும், கம்பெனிக்கு ஏத்த மாதிரி 10 மில்லியோ 15 மில்லியோ முதல். 1000 ரூபாய் வித்தியாசத்துக்கு யோசிக்காதீங்க.

கடைக்காரர் சொன்ன 16 கேஜ் ஸ்ட்ராங்குதான். வேங்கை நிலையா இருந்தா நானே அதை எடுக்கச் சொல்வேன், வேங்கையில 18 கேஜ் நீள ஆணி பாதி வழியில சுருண்டுக்கும். உங்களுது தேக்கு. அந்தக் கன்னை வச்சு 10 மில்லி பீடிங் அடிச்சா பிளக்கும், எம்டிஎஃப் மேல போடற ஓட்டையை அடைக்கவே தனியா ஒரு நாள் வேணும். ஒரே கன் வாங்கற வீட்டுக்கு 18 கேஜ்தான்.

இப்ப முக்கியமான இடம். அமெரிக்கா வீடியோவுல டக் டக்னு அடிச்சுட்டே போறாங்களே, அவங்க சுவருக்குள்ள மரச்சட்டம் நிக்குது, மேல ஜிப்சம் பலகை. எங்க அடிச்சாலும் ஆணி கடைசியில மரத்தைத் தேடிப் பிடிச்சுக்கும். நம்ம சுவர் செங்கல்லும் சிமெண்ட் பூச்சும். 18 கேஜ் ஆணி பூச்சுல பட்டா மடங்கும், இல்ல பூச்சு பொரிஞ்சு விழும். அதனால கதவு பட்டையில உள் ஓரம் மட்டும்தான் கன்னுக்கு வேலை, அது நிலையில போய்ப் பிடிக்கும். வெளி ஓரம் சுவர் மேல நிக்குது. அங்க கன்ஸ்ட்ரக்ஷன் அட்ஹெசிவ் டியூபைக் கோடு இழுத்து ஒட்டி, காயற வரைக்கும் முட்டுக் கொடுங்க. சுவர் மேடு பள்ளமா இருந்தா ரெண்டு மூணு இடத்துல ராவல் பிளக் (சுவர் ஓட்டையில சொருகி ஸ்க்ரூவைப் பிடிக்க வைக்கிற பிளக்) வச்சு ஸ்க்ரூ போட்டு, தலையைப் புதைச்சு மரக்கட்டையால மூடுங்க. கான்கிரீட் ஆணி அடிக்கிற எஸ்டி கன்னுன்னு ஒண்ணு இருக்கு, 2.2 மில்லி ஆணி. அதைக் கொண்டுவந்து இதுல அடிச்சிடாதீங்க, தேக்குப் பட்டை ரெண்டாயிடும்.

ஹால் டிசைன் சுவருக்கும் இதே கதைதான். எம்டிஎஃப் பட்டையை நேரா பூச்சு மேல கன்னால அடிக்க முடியாது. 9 மில்லி பிளைவுட்டைப் பிளக் ஸ்க்ரூல சுவர்ல உக்கார வச்சு, அது மேல பட்டையை ஒட்டி, எஃப்20 இல்ல எஃப்15 அடிங்க, பட்டைத் தடிமனைப் பொறுத்து. செலவு கூடும். கூட வேணாம்னா அட்ஹெசிவ் மட்டும் போட்டு ஒட்டி பெயிண்டர் டேப்பால பிடிச்சு வைங்க, லேசான பட்டைதானே, நிக்கும். உங்க பொண்ணு டிசைனுக்கு ரெண்டாவது வழியே போதும்னு எனக்குத் தோணுது.

6 மில்லி லிப்பிங்குக்கு நியாயமா 23 கேஜ் பின்தான் வேணும். அதுக்குன்னு இன்னொரு கன் வாங்கச் சொல்ல மாட்டேன். பிளைவுட் விளிம்புல அடிக்கிற ஆணி அடுக்குக்கு நடுவுல வழுக்கிட்டுப் போய் பக்கத்துல மூக்கை நீட்டும், மைக்கா ஒட்டின பலகைன்னா போச்சு. ஃபெவிகால் தடவி அடிக்கு நாலு இடத்துல டேப்பை இறுக்கிக் கட்டுங்க. மறுநாள் இழைச்சா போதும், ஆணியே வேணாம்.

ஜன்னல் பீடிங்குக்கு எஃப்25. கண்ணாடி பக்கம் கன் மூக்கு உரசும், நடுவுல ஒரு அட்டை வைங்க. கண்ணாடிக்கு இணையா, நிலைக்குள்ள போற மாதிரி நேரா பிடிங்க. சாய்ச்சா ஆணி கண்ணாடி விளிம்பைத் தொடும், அன்னைக்கு விரியாது, ஒரு மாசம் கழிச்சு ராத்திரியில "டப்"னு சத்தம் கேட்டு எழுந்துப்பீங்க.

காத்து அழுத்தம்: டேங்க்ல 8 பார் (காத்து அழுத்த அளவு) ஏறினாலும் ரெகுலேட்டர்ல 5 பார் வச்சு ஆரம்பிங்க, 70 பிஎஸ்ஐ சொச்சம். வெட்டி மிஞ்சின துண்டுல அடிச்சுப் பாருங்க. தலை மரத்துக்குக் கீழ ஒரு மில்லி இறங்கினா அதுதான் அளவு. தேக்குக்கு ஆறு, ஆறரை வரைக்கும் போகும். எம்டிஎஃப்க்கு இறக்கிக்கோங்க, இல்லன்னா தலை பட்டையைத் துளைச்சுட்டு அந்தப் பக்கம் போயிடும். ஓட்டைக்கு இழைச்ச தேக்குத் தூளை ஃபெவிகால்ல குழைச்சு வைக்கறவங்க உண்டு. பாலிஷ் போட்டா அது கறுப்பாத் தெரியும். பாலிஷுக்கு முன்னால பூசற சீலர்ல குழைச்சு வைங்க, மரத்தோட சேர்ந்துடும்.

கன் வாங்கும்போது கடையிலயே காத்து கொடுத்துப் பாக்கச் சொல்லுங்க. டிரிக்கரைத் தொடாம கையில பிடிச்சு காதுல வைச்சா "ஸ்ஸ்"னு வரக் கூடாது. வந்தா உள்ளே ஓ ரிங் (காத்து கசியாம அடைக்கிற ரப்பர் வளையம்) சரியில்ல. மூக்கு முன்னால ஒரு சேஃப்டி அமுங்கும் பாருங்க, அது மரத்துல அமுங்கினாத்தான் சுடணும். அது இல்லாத கன்னும் சல்லிசா விக்குது, அதை வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க. ஆணி இல்லாம சும்மா சுட்டுக் காட்டச் சொல்லாதீங்க, உள்ளே ரப்பர் பம்பர் அடி வாங்கும். ஓ ரிங், ஆணியைத் தள்ற டிரைவர் பிளேடு தனியா கிடைக்குமான்னு ஒரு வார்த்தை கேளுங்க. "கிடைக்கும்"னு சொல்றவர் எடுத்துக் காட்டினா அந்தக் கடையில வாங்குங்க, கம்பெனி எதுவா இருந்தாலும்.

கம்ப்ரஸர் பத்தி ராணிப்பேட்டை அண்ணன் யாராவது எழுதுவாங்க, அவங்களுக்குத்தான் அது அத்துப்படி.


ராணிப்பேட்டை ஏர்லைன்:

கூப்பிட்டீங்க, வந்துட்டேன். ஷூ யூனிட்ல மெயின்டனன்ஸ் வேலை, நாள் முழுக்கக் காத்து லைனோடதான் வாழ்க்கை.

அம்மா, இந்த 18 கேஜ் கன், பிராட் கன்னுன்னு சொல்லுவாங்க, ஒரு சுடுக்கு எடுக்கிற காத்து ரொம்பக் கொஞ்சம். நீங்க ஒண்ணு அடிச்சு, பட்டையைச் சரி பண்ணி, அடுத்தது அடிக்கிறதுக்குள்ள டேங்க் மறுபடி நிரம்பிடும். 25 லிட்டர் தாராளம். ஆனா இதே கம்ப்ரஸர்ல பாலிஷ், பெயிண்ட் ஸ்ப்ரே பண்ணலாம்னு மனசுல ஆசை இருந்தா இப்பவே சொல்லுங்க. ஸ்ப்ரே கன் விடாம காத்து குடிக்கும். அங்க பாக்க வேண்டியது டேங்க் லிட்டரை விட நிமிஷத்துக்கு எவ்வளவு காத்து தள்ளுதுங்கற கணக்கு, சிஎஃப்எம்னு போட்டிருக்கும். சின்ன மெஷின் அதுக்கு மூச்சு வாங்கும்.

ஆயில் இல்லாத மெஷின் தூக்க சுலபம், பராமரிப்பு இல்ல, சத்தம் மட்டும் காதைக் கிழிக்கும். மதியம் கீழ் வீட்டுல யாராவது தூங்கினா சண்டை நிச்சயம். பெல்ட் போட்ட பழைய ஒரு எச்பி மெஷின் நிதானமா ஓடும், சத்தம் கம்மி. எங்க பக்கம், ஆம்பூர் பக்கம் யூனிட் மாத்தும்போது பழசு விலைக்கு வரும். வாங்கினா டேங்கைத்தான் பாக்கணும். அடியில இருக்கிற டிரெயின் வால்வைத் திறந்து விடுங்க. துருத் தண்ணி சேறு மாதிரி கொட்டினா எவ்வளவு சல்லிசா கொடுத்தாலும் வேணாம். உள்ளே அரிச்ச டேங்க் வெடிச்சா ஆளைக் கொல்லும். சேஃப்டி வால்வு வளையத்தை இழுத்தா காத்து பீச்சணும், ப்ரெஷர் சுவிட்ச் தானா நின்னு தானா எடுக்கணும். இதெல்லாம் பாக்கத் தெரிஞ்ச ஆள் கூட இல்லன்னா புதுசே வாங்கிடுங்க.

ஒரு எச்பின்னா 746 வாட். ஓடும்போது பெரிசா கரண்ட் இழுக்காது, கிளம்பற நொடியில பல மடங்கு இழுக்கும். 16 ஆம்ப் பிளக்குல நேரா சொருகுங்க. மெல்லிசு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல மாட்டினா வோல்டேஜ் விழுந்து மோட்டார் "ம்ம்ம்"னு உறுமிட்டு நிக்கும், கெப்பாசிட்டர் காலி. கரண்ட் வயரை நீட்டறதுக்குப் பதிலா காத்து டியூபை நீட்டுங்க. 8 மில்லி பியூ டியூப் 15 மீட்டர் வாங்கினா மெஷினை மாடிப் படியில வச்சுட்டு எல்லா ரூமுக்கும் போகலாம், சத்தமும் வெளியவே நிக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில டேங்க்ல தண்ணி நிறையச் சேரும். சாயங்காலம் வேலை முடிஞ்சதும் டிரெயினைத் திறந்து விட்டுட்டுப் போங்க. கன்னுக்கு நியூமேட்டிக் ஆயில் ரெண்டு மூணு சொட்டு, டியூப் மாட்டற வாயில, காலையில ஒரு தடவை. என்ஜின் ஆயில் விடாதீங்க, அதுல கலந்திருக்கிற சரக்கு சீலைக் கெடுக்கும். அப்படி ஆயில் போன டியூப்ல பின்னாடி பாலிஷ் ஸ்ப்ரே பண்ணாதீங்க, மீன் கண்ணு மாதிரி வட்டம் வட்டமா விலகிக்கும். அதுக்குத் தனி டியூப்.

நாத்தனார் விஷயம்: அமெரிக்கா கம்ப்ரஸர் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம்ம 230-ல மாட்டினா அன்னைக்கே அதுக்குப் பால் ஊத்திடலாம். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வச்சாலும் ஹெர்ட்ஸ் மாறாது, மோட்டார் சூடாகும், அந்த டிரான்ஸ்பார்மர் விலைக்கே இங்க பாதி கம்ப்ரஸர் வரும். அதுல வர்ற டேங்க் 6 கேலன்னா 23 லிட்டர்தான், அதுல ஒண்ணும் அதிசயம் கிடையாது. கன் மட்டும்னா கரண்ட் வேணாம், ஓடும். ஆனா டியூப் மாட்டற இடத்துல திருகு நூல் அளவு அங்க என்பிடி, இங்க பெரும்பாலும் பிஎஸ்பி. கால் இஞ்ச் என்பிடிக்கு இஞ்ச்சுக்கு 18 நூல், பிஎஸ்பிக்கு 19, கோணமும் வேற. ரெண்டு சுத்து சுத்திட்டு இறுகிக்கும், "ஆச்சு"ன்னு நினைப்பீங்க, காத்து கசியும். அங்கத்திய கப்ளர் வாய்ப்பகுதியும் சேர்த்தே கொண்டு வரணும். ஆணி நீளம் இஞ்ச் கணக்குல இருந்தாலும் 18 கேஜ்ங்கறதால நம்ம எஃப் ஆணி பெரும்பாலும் ஓடும். கெட்டுப் போனா ஓ ரிங்குக்கு மறுபடி நாத்தனார் வரணும்.


குடியாத்தம் பெரியவர்:

இன்னாமா இது, நாலு ஆணி அடிக்க இவ்ளோ ரோதனை. நாங்க கம்ப்ரஸரும் இல்லாம கரண்டும் இல்லாம எத்தினி வீட்டுக்கு நிலை வச்சிருக்கோம். அம்மா கையில டிரில் கீதுன்னு சொல்லிச்சே, அது போதும். அடிக்கப் போற ஆணியில ஒண்ண எடுத்து தலையை நறுக்கிடு, டிரில்ல மாட்டு, பட்டையில ஓட்டை போடு. அப்பறம் அதே சைஸ் ஆணி அடி. பிளக்காது, வளையாது. தலையை உள்ள இறக்க ஒரு இரும்பு பன்ச் வச்சுத் தட்டு. ஆணி நுனியில கொஞ்சம் மெழுகு தொட்டுக்கோ, தேக்கு எண்ணெய் மரம், வழுக்கிட்டுப் போவும். 15,000 ரூபாயை அந்தப் பொண்ணு பேர்ல போடு.


காட்பாடி பட்டறை:

ஐயா சொன்னது அத்தனையும் நிஜம். எங்க மாமா எனக்குக் கத்துக் கொடுத்ததும் அதே தலை நறுக்கின ஆணிதான். கன் வந்த பிறகும் வேங்கை மரத்துக்கு அதைத்தான் செய்யறேன். மூணு கதவு மட்டும்னா தங்கச்சிக்கு நானும் இதையே சொல்லுவேன். ஜன்னல் பீடிங்கும் இருக்கு, தனி ஆளா பிடிச்சு அடிக்கணும், அங்கதான் கன் ஜெயிக்குது. மூலையைச் சேர்த்துப் பிடிச்ச கை நகராம மத்த கையால ஒரு அமுக்கு, முடிஞ்சுது. சுத்தித் தட்டுல மூலை விலகற தொல்லை இல்ல.


சத்துவாச்சாரி மாடிவீடு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பெரியவர் சொன்ன மாதிரி ஒரு துண்டுல தலை நறுக்கி ஓட்டை போட்டு அடிச்சுப் பாத்தேன் ஐயா, சுத்தமா வந்துச்சு! 6 மில்லி பட்டையும் டேப் கட்டி ஒட்டிட்டேன், காயுது. ஆனா ஜன்னல் பன்னெண்டு இருக்கு, அதுக்கு எனக்குப் பொறுமை கிடையாது. எஃப்50-ம் புது 25 லிட்டரும்னு முடிவு பண்ணிட்டேன். நாத்தனார் கிட்ட பொண்ணுக்குச் சாக்லேட் மட்டும் போதும்னு சொல்லியாச்சு.

இன்னும் மூணு கேள்வி. எதிர் வீட்டுல வெல்டிங் பட்டறை. அங்க சிலிண்டர் சும்மா நிக்குது, "அதுல மாட்டிக்கோங்க, எதுக்குக் கம்ப்ரஸர்"ங்கிறார் அந்தத் தம்பி. முடியுமா? ரெண்டாவது, ஒவ்வொரு கதவு நிலை பக்கத்துலயும் சுவிட்ச் போர்டு இருக்கு, அங்க அடிக்கலாமா? மூணாவது, எந்த சைஸ் ஆணி எவ்வளவு வாங்கட்டும்?


காட்பாடி பட்டறை:

சிலிண்டர் பக்கமே போகாதீங்க. வெல்டிங் பட்டறையில நிக்கிறது ஆக்சிஜனா இருக்கும். கன்னுக்குள்ள எண்ணெய் இருக்கு. அழுத்தத்துல ஆக்சிஜன் எண்ணெயைத் தொட்டா தீப்பெட்டி வேணாம், கன் கையிலயே வெடிக்கும். காஸ் எதுவும் கூடாது, காத்து மட்டும்தான். கன்னு மேலயே எழுதியிருக்கும், அந்தத் தம்பி கிட்டயும் காட்டுங்க.

சுவிட்ச் போர்டு நல்ல கேள்வி, நிறையப் பேர் கேக்க மாட்டாங்க. போர்டுலேருந்து பைப்பு நேரா மேல சீலிங்குக்கு ஓடும், சில வீட்டுல கீழயும் இறங்கும், நிலையை ஒட்டியே. பூச்சுக்குள்ள அது ரொம்ப ஆழத்துல இருக்காது. உள் ஓரத்துல நிலைக்குள்ள அடிக்கிற ஆணிக்குப் பிரச்சனை இல்ல, ஆனா கன்னைச் சுவர் பக்கம் சாய்க்காதீங்க. வெளி ஓரத்துல ராவல் பிளக்குக்கு ஓட்டை போடறப்பதான் ஆபத்து. அந்தப் பக்கம் மட்டும் பிளக் வேணாம், அட்ஹெசிவ் போதும். ஒயரிங் பண்ணும்போது சுவர் வெட்டின போட்டோ போன்ல இருந்தா எடுத்துப் பாருங்க, வீடு கட்டறவங்க எல்லாரும் எடுத்து வைக்க வேண்டிய போட்டோ அது. மெயினை ஆஃப் பண்ணிட்டு கையால ஓட்டை போடறது இன்னும் உத்தமம், எம்சிபி தட்டிட்டா கம்ப்ரஸர் ஓடாதேன்னு கவலைப்படாதீங்க, ஒரு டேங்க் காத்துல ஒரு கதவு முடிச்சிடலாம்.

ஆணி பெட்டிக்கு 5000 வரும், உங்களுக்கு வாழ்நாளுக்கும் தீராது. ஜன்னலுக்கு எஃப்25, கதவுக்கு எஃப்40, ரெண்டே பெட்டி. எஃப்40-க்கு மட்டும் பெட்டியைப் பிரிச்சு, வரிசையா ஒட்டின ஆணிப் பட்டை சிலது தருவாங்களான்னு கேட்டுப் பாருங்க, ஆணிப் பட்டைக்கு 100 ஆணி இருக்கும், ரெண்டு மூணு தாராளம். மூணு கதவுக்கும் ஒன்பது இஞ்சுக்கு ஒண்ணு, மூலையில ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணு. மூலையிலேருந்து ஒன்றரை இஞ்ச் தள்ளி அடிங்க, நுனியில அடிச்சா 18 கேஜும் பிளக்கும்.

பிடிக்கிற கை ஆணி விழற இடத்துலேருந்து நல்லா தள்ளி இருக்கணும். தேக்குல ஆணி ரேகையோட போய் வளைஞ்சு பக்கவாட்டுல வெளிய வரும், விரல் அங்க இருந்தா அதுலயும் போகும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கோங்க. ஆணி சிக்கினா முதல்ல டியூபைக் கழட்டுங்க, அப்புறம்தான் மூக்கைத் திறக்கணும். ஏணியில ஏறும்போதும், பொண்ணு பக்கத்துல வரும்போதும், டீ குடிக்கப் போகும்போதும் அதே மாதிரி டியூபைக் கழட்டி வச்சிடுங்க. வீட்டுக்காரர் ஞாயித்துக்கிழமை வந்தா மேல் பட்டையைப் பிடிக்கச் சொல்லுங்க, கன்னை அவர் கையில கொடுக்காதீங்க.


சத்துவாச்சாரி மாடிவீடு:

கொடுக்க மாட்டேன் அண்ணா. நாளைக்கே பஜார் போறேன். எஃப்40 பிரிச்சுத் தர்ற கடை எதுன்னு தெரிஞ்சா இங்க எழுதறேன், மத்தவங்களுக்கும் உதவும்.